காசிம் மரைக்காரின் பச்சை

போன செவ்வாய்க்கிழமை ரிஜிஸ்தர் தபால் கொண்டுவந்த போஸ்ட்மேன், நான் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் எங்கள் வீட்டு அலமாரியை நோட்டம் விட்டார். மேல்தட்டில் இருந்த ஜாடியைக் காட்டி, "நல்லா இருக்கு சார். எந்தக் கடையில வாங்குனீக?" என்று கேட்டார்.

அது கடையில் வாங்கியது அல்ல. நான் செய்தது. மண் பிசைந்து, சக்கரத்தில் ஏற்றி, கிளேஸ் கலந்து, சூளையில் வைத்து... பதினோரு நாள் வேலை.

சொன்னேன்.

"அப்படியா சார்? கடையில வாங்குனது மாதிரியே இருக்கு" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் கொடுமை.

அத்துடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால், ஜாடிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன வைக்கோல்நிறக் கோப்பையைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இது நம்ம காசிம் மரைக்கார் செஞ்சதுல்ல?"

கோப்பையில் பெயர் எழுதியிருக்கவில்லை. அவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. வாசலில் நின்றபடி, பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட்டார்!

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில் கோணாத என் கையெழுத்து அன்று கோணிப்போயிற்று.

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பவர்களுக்குத் தெரியும்: நான் துறைமுக ஆபீஸில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வுபெற்றவன். இலங்கைக்குப் போய்வரும் தோணிகளை வருஷா வருஷம் சர்வே செய்து, நீளம் அகலம் எழுதி, சர்டிபிகேட் கொடுக்கிற வேலை. ஓய்வுக்குப் பிறகு மண்பாண்டம் செய்யப் போனேன் என்பதை மட்டும் இதுவரை எழுதவில்லை. ஏன் எழுதவில்லை? நான் ஜெயித்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். அது நடக்கிற மாதிரித் தெரியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊருக்கு வெளியே ஒரு மண்பாண்டப் பயிற்சி நிலையம் திறந்தார்கள். சாதாரண சட்டி பானை இல்லை. ஊறுகாய் ஜாடி, டீக் கோப்பை போன்ற கிளேஸ் போட்ட சாமான்கள். கிளேஸ் என்றால் வேறொன்றுமில்லை. உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மேல் பளபளக்கிறதே, அந்தக் கண்ணாடிப் பூச்சு. அதைக் கலந்து, தோய்த்து, சூளையில் சுட்டு எடுக்க வேண்டும்.

விண்ணப்ப விதிகளைப் படித்துப் பார்த்தேன். குறைந்தபட்ச வயது பதினெட்டு என்று இருந்தது. அதிகபட்ச வயது பற்றி ஒரு வரி இல்லை. விதியில் இல்லாத தடையை விதிக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. போய்ச் சேர்ந்தேன்.

அங்கேதான் நான் ஒரு தப்புச் செய்தேன். காசிம் மரைக்காரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மரைக்காருக்கு என் வயதுதான். அவருடைய அப்பா காலத்திலிருந்து தோணி வைத்திருந்த குடும்பம். நான் ஆபீஸில் இருந்தவரை என்னை "சார்" என்பார். ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் வந்து "என்ன மாப்ள, தூங்கி எந்திரிச்சாச்சா?" என்றார். அன்றிலிருந்து நானும் அவரை "மச்சான்" என்கிறேன். இலங்கைக்குப் போகப் பாஸ்போர்ட், பெர்மிட் என்று காகிதம் பெருகப் பெருக, கடலில் தோணி குறைந்தது. அந்தக் காகிதங்களில் சிலவற்றில் என் கையெழுத்தும் உண்டு. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு விண்ணப்பத்தை நானே நிரப்பிக் கொடுத்தேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று அழகாக எழுதினேன். அதை எழுதும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்ததை மறைப்பானேன்?

நான் எதையும் முறைப்படி செய்கிறவன். ஒரு ரிஜிஸ்தர் போட்டேன். வரிசை எண், தேதி, சரக்கு, எடை, சூளையில் இடம், முடிவு, குறிப்பு - ஏழு பத்திகள். சிப்பிச் சுண்ணாம்பு இத்தனை பங்கு, வெள்ளைக்கல் மாவு இத்தனை பங்கு என்று மாற்றி மாற்றிக் கலந்து, சின்னச் சின்ன மண் வில்லைகளில் பூசிச் சுட்டுப் பார்ப்பேன். மொத்தம் நூற்றுப் பதினேழு வில்லைகள். ஒவ்வொன்றிலும் எண் பொறித்திருக்கும்.

இந்த நூற்றுப் பதினேழில் எது என்னுடையது? அதுதான் தெரியவில்லை. ஒரு மாதம் வெள்ளை. அடுத்த மாதம் புத்தகத்தில் ஒரு சீன ஜாடியின் படம் பார்த்தேன்... கறுப்பு. அதற்கடுத்த மாதம் தேன் நிறம். ஹோட்டலில் பலகையைப் பார்த்து டிபன் சொல்கிற மாதிரி, பாணியையும் பார்த்துப் பிடித்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

மரைக்கார் என்ன செய்தார்? ஒரு தகர டின். இரண்டு டின் சாம்பல், ஒரு டின் களிமண், தண்ணீர். முடிந்தது. சாம்பல் எங்கிருந்து? வீட்டு அடுப்பிலிருந்து.

"எடை போடலையா மச்சான்?" என்று கேட்டேன்.

"என்னத்த எடை? கஞ்சி காச்சுறவ எடை போட்டா காச்சுறா?"

முதல் சூளையைப் பிரித்தார்கள். மரைக்காரின் கோப்பைகள் பச்சையாக வந்திருந்தன. வெறும் பச்சையா? காலை பத்து மணிக்குப் பாம்பன் பாலத்திலிருந்து கீழே பார்த்தால் தெரியுமே... ஆழத்துக்கு ஆழம் மாறுகிற பச்சை, அது. விளிம்பில் வெளிறி, அடியில் திரண்டு நின்றது. என்னுடைய 64-ம் வில்லையும் பச்சைதான். அதற்கென்றே மதுரையிலிருந்து செம்புப் பொடி தருவித்துப் போட்டிருந்தேன். அது ஜன்னல் கதவுக்கு அடித்த பெயிண்ட் மாதிரி இருந்தது.

எல்லோரும் மரைக்காரைச் சுற்றி நின்றார்கள். நானும் நின்றேன். "நல்லா வந்திருக்கு" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மெட்ராஸில் யாரோ ஒருவர் பெரிய ஆளாகிவிட்டால் நமக்கு வலிக்கிறதா? இல்லை. பக்கத்துச் சக்கரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு கோப்பை நன்றாக வந்துவிட்டால் ராத்திரிச் சாப்பாடு இறங்குவதில்லை. பொறாமைக்கும் அதிகார எல்லை உண்டு. தாலுகாவைத் தாண்டாது.

சாம்பலில் பச்சை எப்படி வரும்? புத்தகங்களைப் புரட்டினேன். சாம்பலுக்குப் பழுப்பு வரலாம், வைக்கோல் நிறம் வரலாம். இந்தப் பச்சை வராது. இரண்டு மாதம் மண்டையைக் குடைந்தேன். மரைக்காரைக் கேட்டால், "அல்லா குடுக்குறான் மாப்ள" என்றார். அதை எந்தப் பத்தியில் எழுதுவது?

அப்போதுதான் மதுரைக் கண்காட்சிக்கான உத்தரவு வந்தது. எங்கள் நிலையத்திலிருந்து ஒருவருடைய சாமான் மட்டும் போகலாம். ஆறு உருப்படி. பக்கத்தில் செய்தவர் பெயரை அச்சடித்து ஒரு கார்டு வைப்பார்கள்.

இன்ஸ்ட்ரக்டர் சுந்தரம் இளவயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். என் ரிஜிஸ்தரை முழுசாகப் படித்தார். "இந்த மாதிரி ஒரு ரிக்கார்டு நான் படிச்ச இடத்துலகூட இல்லை சார்" என்றார். மார்பு நிமிர்ந்தது. அடுத்த வாக்கியத்தில், "மரைக்கார் சாமானை அனுப்பலாம்" என்றார்.

"ஏன்?"

"உங்க சாமான்ல குறை ஒண்ணுமில்ல சார். யார் செஞ்சதுன்னுதான் தெரியல."

எனக்கு ஆறுதலாக ஒன்று சொன்னார். மரைக்காரின் ஆறு உருப்படி சரியாக வராவிட்டால் என்னுடையது போகும். அதாவது நான் ரிசர்வ் லிஸ்டில் முதல் ஆள். அந்தச் சாயங்காலமே என்னுடைய ஆறையும் வைக்கோல் சுற்றி வைத்துவிட்டேன்.

தேர்வான சந்தோஷத்தில் மரைக்கார் என்னை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆட்டுக்கறி, நெய்ச்சோறு. அவர் மனைவி ஆயிசாம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசினார்.

"அண்ணே, மதுரையில இவுக பேரை அச்சடிச்சு வைப்பாகளாமே, நெசமா?"

"நெசந்தாம்மா. உத்தரவுலயே இருக்கு."

"எங்க பொறந்த வீட்டுல என்ன சொல்றாக தெரியுமா? தோணி ஓட்டுன மரைக்கார் சட்டி சுடப் போயிட்டாருன்னு. கல்யாண வீட்டுக்குப் போனா அதான் பேச்சு. நான் ஒரு வருசமா எங்கயும் போறதில்ல. அந்தக் கார்டு மட்டும் வரட்டும்..."

"வரும் வரும். இன்ஷா அல்லா. நீ மாப்ளைக்கு இன்னும் ரெண்டு கறி வையி" என்றார் மரைக்கார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

கை கழுவக் கொல்லைப்புறம் போனேன். அங்கே விறகு அடுக்கியிருந்தது. ஒரு பக்கம் புதுக் கருவேலங்கட்டைகள். இன்னொரு பக்கம் ஒரே ஒரு உடைந்த பலகை. கறுத்து, உப்பேறி, ஓரமெல்லாம் பச்சை பூத்து, வரிசையாகச் சின்ன ஓட்டைகள்.

அந்தப் பலகை எனக்குத் தெரியும். அவருடைய அப்பாவின் தோணி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் திருப்பாலைக்குடிக் கரையில் வைத்துப் பிரித்தார்கள். அதற்கு ஒன்பது தடவை நானே சர்வே செய்திருக்கிறேன். புழு அரிக்காமல் இருக்க அடிப்பாகம் முழுக்கச் செம்புத் தகடு அடித்த தோணி. 'செம்புத் தகடு, நல்ல நிலை' என்று ஒன்பது தடவை எழுதியவன் நான்!

தகட்டைக் கழற்றி விற்றுவிட்டார்கள். ஆனால், ஐம்பது வருஷமாகச் செம்பு மரத்துக்குள் ஊறியிருக்கிறது. துணுக்குகள் ஆணி ஓட்டையில் தங்கியிருக்கின்றன. அந்தத் தோணியின் பலகைகள்தான் இத்தனை நாளும் இவர்கள் அடுப்பில் எரிந்திருக்கின்றன. சாம்பலில் செம்பு. சூளையில் பச்சை.

இதற்கா இரண்டு மாதம் புத்தகம் புரட்டினேன்?

பின்னாலேயே மரைக்கார் துண்டோடு வந்தார். "இந்தப் பலகையோட தோணி தீருது மாப்ள. பழைய சாம்பலும் காலி, இந்த ஒத்தப் பலகையில வர்ற சாம்பல் காணாது. மதுரைக்குப் போற ஆறுக்கும் கருவேலஞ் சாம்பல்தான். என்ன... சாம்பல் சாம்பல்தானே?"

அவர் கேட்டார். என்னிடம், நேரடியாக.

நான் துண்டில் கையை நிதானமாகத் துடைத்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் பெட்டியில் செம்புப் பொடி பாட்டில் முக்கால்வாசி இருக்கிறது. அதில் ஒரு ஸ்பூன் எடுத்து அந்தக் கருவேலஞ் சாம்பலில் போட்டால் பச்சை அப்படியே வந்துவிடும்.

"சாம்பல்ல என்ன மச்சான் வித்தியாசம்?" என்றேன்.

கவனியுங்கள். நான் பொய் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன். ஆபீஸில் இருந்தவர்களுக்கு இந்த வித்தை தெரியும். எந்த விசாரணையிலும் தப்பிக்கலாம்.

சூளை பிரிக்கிற அன்று ஆயிசாம்மாவும் வந்திருந்தார். ஜட்காவை விட்டு இறங்கவில்லை. திரைச்சீலைக்குள் இருந்தபடி, "ஆச்சா? ஆச்சா?" என்று வண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

முதல் கோப்பை வெளியே வந்தது. காய்ந்த வைக்கோல் நிறம்.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும்.

"பச்சை எங்கன போச்சு?" என்றார் மரைக்கார், மெதுவாக. கோப்பையைத் துண்டால் தேய்த்துப் பார்த்தார், உள்ளே ஒளிந்திருக்கிற மாதிரி. பிறகு என் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ படிச்சவன். என்ன தப்புப் பண்ணேன்? சொல்லு."

"சூளையில வச்ச இடம் சரியில்லையோ என்னமோ" என்றேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா? இருந்தது. என் வீட்டில் வைக்கோல் சுற்றிய ஆறு உருப்படிகளும் கண்முன்னே வந்தன. அச்சடித்த கார்டு வந்தது. என் பெயருக்குப் பின்னால் 'ஓய்வு' என்று போடலாமா, வேண்டாமா என்றுகூட யோசித்தேன். அந்தச் சந்தோஷம், ஆறாவது உருப்படி வெளியே வருகிறவரைதான் நீடித்தது.

இன்ஸ்ட்ரக்டர் ஆறையும் ஒரு பலகையில் வரிசையாக வைத்தார். இரண்டடி பின்னால் போய் நின்றார். குனிந்து பார்த்தார். அவருக்கு அவசரமே இல்லை.

"மரைக்கார், இதெல்லாம் ஏன் அடி இவ்வளவு அகலமா இருக்கு?"

"அது... தோணியில வச்சா சாயக் கூடாதுல்ல சார்?"

"இங்க எங்க தோணி ஆடுது?"

மரைக்கார் வெட்கப்பட்டார். "கை அப்பிடியே போயிருது சார். அகலமா இல்லாட்டி டீ குடிக்கவே பயமா இருக்கு."

"இந்தக் கிளேஸ் கோடு? எல்லாத்துலயும் ஒரு பக்கம் சாஞ்சே நிக்குதே?"

"நேராத்தான் முக்குறேன். பாத்தா சாஞ்சு இருக்கு. பாய் விரிச்ச தோணியில தண்ணி மட்டம் அப்பிடித்தான் சார் நிக்கும். அதையே பாத்துப் பாத்து..."

இன்ஸ்ட்ரக்டர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். "பச்சையா இருந்தப்ப நான் பச்சையைத்தான் பார்த்திருக்கேன். இப்பத்தான் கோப்பையைப் பார்க்கிறேன். பெட்டியில கட்டுங்க. இதுதான் போகுது."

ஆயிசாம்மாவுக்கு வண்டிக்காரர் போய்ச் சொன்னார். திரைச்சீலை லேசாக விலகி, உடனே மூடிக்கொண்டது. உள்ளே அழுகிறாரா, சிரிக்கிறாரா என்று தெரியவில்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பச்சை இருந்தவரை என் மனதுக்கு ஒரு சமாதானம் இருந்தது. அது அவர் திறமை இல்லை, அடுப்புச் சாம்பலின் அதிர்ஷ்டம். அந்தச் சமாதானத்தையும் நானே அல்லவா கழற்றிவிட்டேன்? நான் வாயைத் திறந்திருந்தால் மரைக்கார் ஆயுசுக்கும் 'பச்சை மரைக்கார்' ஆகவே இருந்திருப்பார். வாயை மூடிக்கொண்டு அவரைக் கலைஞராக்கிவிட்டேன்.

நூற்றுப் பதினேழு வில்லைகளில் நான் தேடியது அவரிடம் எங்கே இருந்தது? டீ சிந்திவிடுமோ என்ற பயத்தில் இருந்தது. அதை எத்தனை பங்கு கலக்க வேண்டும் என்று யார் எழுதிவைத்திருக்கிறார்கள்? நமக்கு எந்தக் கிளேஸ் பிடிக்கிறது என்பதில் பாணி இல்லை போலிருக்கிறது. பிடித்த கிளேஸ் கைவிட்டுப்போன பிறகும் சாமானில் எது மிச்சம் இருக்கிறதோ, அது. என் ஜாடியிலிருந்து கிளேஸை எடுத்துவிட்டால் மிஞ்சுவது அடியில் பொறித்த எண்தான்.

கண்காட்சி முடிந்து கார்டு திரும்பி வந்தது. ஆயிசாம்மா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். பொறந்த வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கும் போய்வந்துவிட்டார் என்று கேள்வி.

போஸ்ட்மேன் வந்துபோன மறுநாள் அவர்கள் வீட்டிலிருந்து ஒரு தூக்கு நிறையத் தொதல் வந்தது. கூடவே ஒரு சேதி: "அண்ணன் அந்த ஃபாரத்தை நிரப்பிக் குடுத்ததாலதான் இவ்வளவும்."

தொதல் தின்றிருக்கிறீர்களா? தேங்காய்ப்பாலும் கருப்பட்டியுமாக வழுக்கிக்கொண்டு போகும். எனக்குத் தொண்டையில் நின்றுவிட்டது. என் மனைவி, "என்ன, கசக்குதா?" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மரைக்கார் கடற்கரையில் இருந்தார். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். செம்புத் தகடு, ஒன்பது சர்வே, என் பெட்டியில் இருந்த பாட்டில், ரிசர்வ் லிஸ்ட். வரிசை மாறாமல் சொன்னேன். அதுதான் எனக்கு வரும்.

கேட்டு முடித்து, மணலில் கிடந்த சிப்பி ஒன்றை எடுத்துக் கடலில் எறிந்தார். அப்புறம் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"நல்லவேளை சொல்லாம இருந்தே மாப்ள. சொல்லியிருந்தா பாம்பன்ல இருந்து தொண்டி வரைக்கும் கெடக்குற ஓட்டைத் தோணியெல்லாம் வாங்கி எரிச்சிருப்பேன்."

எனக்கு மூச்சு வந்தது. கொஞ்சம் சீக்கிரமாகவே வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு" என்றார், சிரிப்பை நிறுத்தி. "நான் ஒங்கிட்ட கேட்டேன்ல? கேட்டப்ப சொல்லியிருக்கணும். பச்சைக்காக இல்ல. கேட்டதுக்காக."

கேள்விக்குக் கேள்வியால் பதில் சொல்லும் வித்தை அங்கே செல்லவில்லை.

அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். "வா, டீ குடிப்போம். இனி நீ ஒண்ணு மறைச்சேன்னா ஆயிசாகிட்டச் சொல்லிருவேன், ஆமா" என்று சொல்லிவிட்டு என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நடந்தார். அத்துடன் விஷயம் முடிந்துபோயிற்று. எனக்கு இல்லை, அவருக்கு.

பாருங்கள்... மன்னிப்பதைக்கூட மனிதர் என்னைவிட நன்றாகச் செய்கிறார்.